நான்காக மடித்த சீட்டு

செவ்வாய், பள்ளி விட்ட பின்

மாண்புமிகு மாகாண முதலமைச்சர் அவர்களுக்கு,

பதற வேண்டாம், மனு இல்லை. உறையின் மேல் இப்படி எழுதினால் ஒரு நாள் முன்னதாகப் போகிறது என்று தபால்காரர் சொன்னார். எழுதிய வேகத்தில் உள்ளேயும் கை அதையே எழுதிவிட்டது. அடிக்க மனமில்லை. இனி வீட்டுக்காரருக்கு.

அன்புள்ள உங்களுக்கு,

நான் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதைப் பத்திரிகைப் படங்களில் பார்த்துக்கொள்கிறேன். படத்தில் முழங்கால் வலி தெரிவதில்லை. அதை மட்டும் நீங்கள்தான் எழுத வேண்டும்.

இங்கே பனிமூட்டம் தொடங்கிவிட்டது. முதல் பாடவேளையில் நான் கரும்பலகையில் எழுதுவது கடைசி பெஞ்சுக்குத் தெரியாது. "டீச்சர், எழுத்து போயிடுச்சு" என்று கத்துகிறார்கள். எங்கேயும் போகாது, உட்காருங்கள் என்பேன். பத்து மணிக்குத் திரும்பி வந்துவிடும். என் அறை ஜன்னலை இன்னும் சரியாகச் சாத்த முடியவில்லை. போன வருஷம் சபையில் நீங்கள் பேசிய கல்விக் கொள்கை உரை புத்தகமாக வந்ததே, அதை இடுக்கில் செருகியிருக்கிறேன். பொட்டுக் காற்று வரவில்லை. கனமான உரை.

உங்கள் அக்கா எழுதியிருந்தார். விடுமுறைக்கு வந்தபோது நான் சுருட்டி வைத்துவிட்டு வந்த துண்டுகளை எல்லாம் நீங்கள் ஒவ்வொன்றாகப் பிரித்து நான்காக மடித்து அடுக்கினீர்களாம். "மாகாணத்தை ஆளறவன் பண்ற வேலையாடி இது?" என்று கேட்டிருக்கிறார். இருபத்திரண்டு வருஷச் சண்டை அது என்று அவருக்கு எழுதினேன். நான் எதையும் சுருட்டுவேன். நீங்கள் எதையும் நான்காக மடிப்பீர்கள். துண்டு, பத்திரிகை, பேருந்துச் சீட்டு, சலவைக்காரர் ரசீது. நாம் முதன்முதலில் பேசிக்கொண்டதே அப்படித்தானே. ஆசிரியர் அறையில் நான் சுருட்டி வைத்திருந்த தேசப்படத்தை நீங்கள் நான்காக மடித்து அலமாரியில் வைத்திருந்தீர்கள். சரியாக நடுவில் ஒரு ஆறு கிழிந்திருந்தது. நான் சத்தம் போட்டேன். மறுநாள் பசை வாங்கி வந்து ஆற்றை ஒட்டிக் கொடுத்தீர்கள்.

சரி. செய்திக்கு வருகிறேன்.

எங்கள் கணக்கு வாத்தியாரை நினைவிருக்கும். நீங்கள் இங்கே வந்த அன்று எல்லோரும் கைகொடுக்க முண்டியடித்தபோது, தூரத்தில் நின்று, "ரெண்டு கழிப்பறை கட்டித்தர்றதா சொன்னீங்க, ஒண்ணுதான் வந்திருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனவர். அவரை இடைநீக்கம் செய்துவிட்டார்கள். உங்கள் காரியதரிசி இதை உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். சொல்லாமல் இருப்பதில் அவர் கெட்டிக்காரர்.

காரணம், உங்கள் குலுக்கல். திட்டம் போட்டவருக்கே திட்டத்தை விளக்குகிறேன் என்று சிரிக்காதீர்கள், பெற்றோர் கூட்டத்தில் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆகிவிட்டது. முன்பெல்லாம் ஆசிரியர் இடமாற்றம் சிபாரிசில் நடந்தது. ஆள் பலம் உள்ளவருக்கு டவுன், இல்லாதவருக்கு மலை. இப்போது ஒவ்வொரு வருஷமும் பொது மண்டபத்தில் எல்லோரும் பார்க்கக் குலுக்கல். மாறுதல் வரவேண்டிய ஒவ்வொரு ஆசிரியரும் அலுவலகம் தரும் சீட்டில் தன் கையாலேயே பெயர் எழுதிச் சுருட்டிப் பெட்டிக்குள் போட வேண்டும். மேடையில் பள்ளியின் பெயரைப் படிப்பார்கள், கஷ்டமான பள்ளி முதலில். ஒரு சீட்டை எடுப்பார்கள். யார் பெயரோ அவர் அங்கே போக வேண்டும். அவ்வளவுதான். குழந்தைக்கும் புரியும் என்று நீங்கள் சொல்வீர்கள்.

கணக்கு வாத்தியார் மூன்று வருஷமும் ஆசிரியர் சங்கத்தின் பார்வையாளராக மேடையில் உட்கார்ந்தவர். எடுத்த சீட்டுகளைப் பதிவேட்டில் ஒட்டி வைக்கிறார்கள் அல்லவா, அதைப் பொறுமையாகப் புரட்டியிருக்கிறார். நாற்பத்தொரு சீட்டுகளில் மை சரியாக ஒட்டவில்லை. எழுத்து வழுக்கிக்கொண்டு போயிருக்கிறது. விரலால் தடவிப் பார்த்திருக்கிறார். மெழுகு. அந்த நாற்பத்தொரு பேரும் டவுன் பள்ளிகளில். வேண்டியவர்களுக்கு அலுவலகமே மெழுகு தடவிய சீட்டைக் கொடுத்திருக்கிறது. டவுன் பள்ளி வரும்போது மட்டும் பெட்டிக்குள் விட்ட கை அதைத் தடவி எடுத்திருக்கிறது. முதல் சீட்டை எடுப்பது நீங்கள். அதற்குப் பிறகு எல்லாவற்றையும் எடுப்பது பெரிய கல்வி அலுவலர்.

இதை எழுதிப் புகார் கொடுத்தார். ஒரே வாரத்தில் பதில் வந்தது. பதிலோடு ஒரு புகைப்படம். முதல் குலுக்கல், முதல் சீட்டு, மேடையில் நீங்கள் அதைப் பிரித்துப் பிடித்திருக்கிறீர்கள், கீழே நான் கையை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறேன். முதலமைச்சரின் மனைவிக்கே மாகாணத்தின் கடைசிப் பள்ளி விழுந்த குலுக்கலில் மோசடி என்று சொல்வது அவதூறு என்று எழுதியிருந்தது. இடைநீக்கம். விசாரணை மூன்று வாரம் கழித்து, வியாழக்கிழமை, மாவட்ட அலுவலகத்தில்.

அவரைப் பார்த்தேன். சம்பளக் கவலை, வீட்டுக் கவலை எதையும் பேசவில்லை. "எல்லாரும் உங்க சீட்டைக் காட்டித்தான் என் வாயை அடைக்கிறாங்க டீச்சர். அதுக்கு மேல நான் என்ன பேசறது" என்றார். சிறிது நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, தான் பாதியில் விட்ட பின்னங்களை யார் நடத்துவது என்று கேட்டார். நான் நடத்துகிறேன். எனக்கே பாதிதான் புரிகிறது.

நேற்று எனக்கும் ஒரு காகிதம் வந்தது. விசாரணையில் நான் அலுவலகத்தின் சாட்சி. குலுக்கலில்தான் எனக்கு இந்தப் பள்ளி விழுந்தது என்று நான் உறுதிமொழி எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீங்களும் யோசியுங்கள். முழங்காலுக்குச் சூடு வையுங்கள்.

உங்கள்
பனிக்குள் இருப்பவள்


ஞாயிறு, மதியம்

அன்புள்ள உங்களுக்கு,

உறையில் 'தனிப்பட்டது' என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறேன். காரியதரிசி பிரித்திருந்தால்: வணக்கம். மூடி வைத்துவிடுங்கள்.

மூன்று வருஷமாக எழுதாத ஒன்றை இன்று எழுதுகிறேன். விடுமுறைகளில் நேரில் வந்தபோதும் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்க்க வேண்டாம் என்றிருந்தேன். கடிதத்தில் பார்க்க வேண்டியதில்லை.

முதல் குலுக்கலின் காலை. நான் சீட்டில் பெயர் எழுதிச் சுருட்டினேன். பிரிந்துவிடாமல் தையல் பெட்டியிலிருந்து நீல நூலை எடுத்து இரண்டு சுற்றுக் கட்டினேன். நீங்கள் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, "குடு, நானே போட்டுடறேன். நீ எதுக்கு வரிசையில நிக்கணும்" என்றீர்கள்.

எனக்கு அது இனித்தது. பேருந்து, ரேஷன், மருந்து, எந்த வரிசையிலும் என்னை நிற்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னதில்லை. நாம் வரிசையில் நிற்கிறவர்கள் என்பதுதான் உங்கள் அரசியலே. அன்று அதை நான் நினைக்கவில்லை. கொடுத்தேன்.

மண்டபத்தில் மூன்றாவது வரிசை. ஓரத்து நாற்காலி. உங்களுக்குக் கூட்டத்தின் சத்தம் நினைவிருக்கும். "பாரு, முதல் சீட்டே ஏதாவது ஏழை வாத்தியார் தலையிலதான் விழும்", "அவங்க ஆளுங்க சீட்டெல்லாம் பெட்டிக்குள்ளேயே இருக்காது" என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். பாதிப்பேர் எழுந்து போகத் தயாராக இருந்தார்கள். போயிருந்தால் திட்டம் அன்றே செத்திருக்கும்.

இந்தப் பள்ளியின் பெயரைப் படித்தார்கள். நீங்கள் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தீர்கள். உங்களுக்கு நெற்றி வேர்க்காது. கழுத்துதான் வேர்க்கும். பெட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவினீர்கள். எடுத்தீர்கள். பிரித்தீர்கள்.

இரண்டு முறை பிரித்தீர்கள். முதலில் அகலவாக்கில். அப்புறம் நீளவாக்கில்.

சுருட்டிய சீட்டை யாரும் அப்படிப் பிரிப்பதில்லை.

என் பெயரைப் படித்தபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் வாயில் கை வைத்தது அதிர்ச்சியில் என்று பத்திரிகை எழுதியது. அந்தச் சிரிப்பை வேறு எப்படி மறைப்பது? எனக்குச் சிரிப்புதான் வந்தது. மனிதருக்கு ஒரு திருட்டுத்தனம்கூட ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லையே என்று. மடிக்காமல் இருக்க முடியவில்லையே இவரால் என்று. அழுகை பேருந்தில் வந்தது. பன்னிரண்டாவது வளைவில். அதுவும் கொஞ்ச நேரம்தான், அடுத்த வளைவில் வாந்தி வந்துவிட்டது.

ஏன் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ஊர் நம்ப ஒரு சீட்டு வேண்டியிருந்தது. உங்களிடம் இருந்தது என் சீட்டு. யாருடைய இடத்தையும் பறிக்கவில்லை, சொந்த வீட்டிலிருந்துதானே எடுத்தேன் என்று உங்களுக்குள் சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

கோபம் இருந்ததா என்றால், இருந்தது. மலைக்கு அனுப்பியதற்கு இல்லை. மலை எனக்குப் பிடித்துவிட்டது. கேட்காமல் அனுப்பியதற்கு. அன்று காலை பொத்தானை நிறுத்திவிட்டு, "முதல் சீட்டு உன்னுதா இருக்கட்டுமா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், குலுக்கலே இல்லாமல், நானாகக் கையைத் தூக்கி வந்திருப்பேன். எல்லோர் முன்னாலும். அது பொய்யாக இருந்திருக்காது. கைதட்டலும் கிடைத்திருக்கும்.

இத்தனை நாள் இது நம் இருவர் விஷயமாக இருந்தது. துண்டுச் சண்டை மாதிரி. இப்போது இல்லை. நீங்கள் ஊர் நம்ப வைத்த அந்த ஒரு சீட்டின் பின்னால் நாற்பத்தொரு மெழுகுச் சீட்டுகள் ஒளிந்துகொண்டிருக்கின்றன. அதைச் சொன்ன மனிதர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கிறார். பெரிய அலுவலரின் மேசையில் கண்ணாடிக்கு அடியில் நம் படம் இருக்கிறதாம். போனவர்கள் சொல்கிறார்கள். அவருக்கு நம் மேல் அவ்வளவு பிரியம்.

வியாழக்கிழமை என்னிடம் கேட்பார்கள். நான் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுங்கள். புருஷனைக் காட்டிக்கொடுத்தவளாக என்னை ஆக்கிவிடாதீர்கள். பொய் சொன்னவளாகவும் ஆக்கிவிடாதீர்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது உங்கள் வாய்.

நூல்கண்டில் இன்னும் நீல நூல் இருக்கிறது. அன்று கட்டியதை என்ன செய்தீர்கள்?

அன்புடன், மூன்று வருஷத்துக் கோபம் போக மீதியுடன்,
உங்கள் வீட்டுக்காரி


சனி

அன்புள்ள உங்களுக்கு,

பதில் வந்தது. நான்காக மடித்து. ஐந்து வரி:

புதன்கிழமை சபையில் குலுக்கலை நிரந்தரச் சட்டமாக்கும் வாக்கெடுப்பு. ஐந்து ஓட்டு வித்தியாசத்தில் நிற்கிறது. இப்போது வாயைத் திறந்தால் எதிர்க்கட்சி குலுக்கலையே புதைத்துவிட்டுப் பழையபடி சிபாரிசுக் கடிதத்துக்குப் போய்விடும். வியாழக்கிழமை 'சீட்டு விழுந்தது' என்று மட்டும் சொல். கணக்கு வாத்தியார் விஷயத்தை அப்புறம் கவனிச்சுக்கலாம்.

முதல் மூன்று வரியும் நியாயம். சட்டம் தோற்றால் எத்தனையோ பேர் மறுபடி யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் நிற்க வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

ஐந்தாவது வரியைத்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

அப்புறம் கவனிச்சுக்கலாம்.

நமக்குக் கல்யாணமான நான்கு வருஷத்தில் உங்களை ஏழு முறை மாற்றினார்கள். சிபாரிசு பிடிக்க மாட்டேன் என்றதற்கு. ஏழு வீடு. கடைசியில் பெட்டியைப் பிரிப்பதையே விட்டுவிட்டோம். பெட்டியின் மேலேயே விரித்துத் தூங்கினோம். ஒவ்வொரு முறையும் நீங்கள் அலுவலகத்துக்குப் போய் நின்றீர்கள். உட்கார நாற்காலி கிடையாது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தலையைத் தூக்காமல் சொன்ன வாக்கியம் எது? எனக்கு நடித்துக் காட்டுவீர்களே, மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு. நான் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

அதனால்தான் சங்கத்தில் சேர்ந்தீர்கள். நகரசபைக்கு நின்றீர்கள். தலைவரானதும் முதல் காரியமாக எல்லா அலுவலகத்திலும் மனு கொடுக்க வருகிறவர்களுக்கு நாற்காலி போட்டீர்கள். முதல் நாள் நீங்களே இரண்டு கையிலும் தூக்கிக்கொண்டு போனீர்கள். "நாற்காலிக்கு அலையறவனைப் பார்த்திருக்கோம், நாற்காலி தூக்கறவனை இப்பத்தான் பார்க்கிறோம்" என்று எதிர்க்கட்சிக்காரர் மேடையில் நக்கலடித்தார். அடுத்த தேர்தலில் ஊர் அதையே கோஷமாக்கிவிட்டது. நாற்காலிக்காரர் என்றுதானே உங்களை மாகாணத்துக்கு அனுப்பினார்கள்.

கணக்கு வாத்தியார் நேற்று மாவட்ட அலுவலகத்துக்குப் போனார். நாற்காலி இருந்ததாம். நல்ல நாற்காலி, கைப்பிடி வைத்தது. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம்.

நான் உங்களை மிரட்டவில்லை. மிரட்டத் தெரிந்திருந்தால் துண்டைச் சுருட்டி வைக்கும் சண்டையிலாவது ஜெயித்திருப்பேன். வியாழக்கிழமை கேட்டால் பார்த்ததைச் சொல்வேன். அதைத் தவிர எனக்கு வேறு எதுவும் சொல்ல வராது. பிள்ளைகளுக்குத் தினமும் சொல்லிக்கொடுப்பதை ஒரு நாள் மட்டும் மாற்றிச் சொல்ல நாக்கு வராது.

ஆனால் அதற்கு முன் ஒரு புதன்கிழமை இருக்கிறது. தலைமையாசிரியர் அறையில் ஒரு வானொலி இருக்கிறது. சபை நடவடிக்கை நேரடியாக வருமாம். பனி இல்லாவிட்டால் தெளிவாகக் கேட்கும்.

கேட்பேன்.

உங்கள்


வெள்ளி, காலை, முதல் மணிக்கு முன்

அன்புள்ள உங்களுக்கு,

இனி உறையின் மேல் என்ன எழுதுவது என்று தபால்காரரைக் கேட்டேன். "பேரை எழுதுங்கம்மா, போய்ச் சேரும்" என்றார். ஒரு நாள் தாமதமாகலாம்.

புதன்கிழமை பனி இருந்தது. வானொலியைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுவந்து மேசை மேல் வைத்தோம். கம்பியைத் தலைமையாசிரியர் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கையை இறக்கினால் நீங்கள் போய்விடுவீர்கள், தூக்கினால் வருவீர்கள். அவருக்கு அறுபது வயது ஆகப்போகிறது. நாற்பது நிமிஷம் தூக்கியே பிடித்திருந்தார். சமையலறை அம்மா, எதிர்க் கடைக்காரர், பெரிய வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும். கணக்கு வாத்தியார் பள்ளிக்குள் வரக் கூடாது அல்லவா, கேட்டுக்கு வெளியே நின்று கேட்டார்.

முதலில் நீங்கள் திட்டத்தைப் பற்றிப் பேசினீர்கள். ஜன்னலில் செருகியிருக்கிறேனே, அதே உரை. சொல்ல மாட்டார் என்று நினைத்தேன். வாக்கெடுப்புக்கு விடுங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன்.

அப்புறம் பேச்சு நின்றது. கம்பி நழுவிவிட்டதோ என்று எல்லோரும் தலைமையாசிரியரைப் பார்த்தோம். அவர் அசையாமல் இருந்தார். நீங்கள்தான் நிறுத்தியிருந்தீர்கள்.

"முதல் சீட்டு விழல. நான் அதைக் கையில வச்சிருந்தேன்."

சபை உரையில் இப்படி எழுதியிருக்க மாட்டீர்கள். வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னீர்கள். அதற்கு மேல் ஒரே கூச்சல். "பொண்டாட்டியையே மலையேத்தி விட்டவன்யா" என்று யாரோ கத்தினார். சிரித்தார்கள். சமையலறை அம்மா வானொலியை அணைக்கக் கை நீட்டினார். கூட்டி வையுங்கள் என்றேன். கூச்சலுக்கு நடுவில் மெழுகைப் பற்றிச் சொன்னீர்கள், நாற்பத்தொன்று என்ற எண்ணைச் சொன்னீர்கள், பதிவேட்டுக்கு முத்திரை வைக்கச் சொல்லிவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள், கணக்கு வாத்தியாரின் முழுப் பெயரையும் பள்ளியையும் சொன்னீர்கள். பெயர் வந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் கேட்டுக்கு வெளியே திரும்பி நின்றுகொண்டார். பிறகு நீங்கள் பதவி விலகுவதாகச் சொன்னீர்கள். அதை ரொம்ப வேகமாகச் சொன்னீர்கள், பேருந்து கிளம்பும்போது கடைசியாக ஒன்று சொல்வோமே, அப்படி.

சட்டத்தை வாக்கெடுப்புக்கு விடாமல் குழுவுக்கு அனுப்பியிருக்கிறார்களாமே. பிழைக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அந்தக் கவலை பொய் இல்லை. அதை நாம் சேர்ந்து படலாம்.

வியாழக்கிழமை மாவட்ட அலுவலகத்துக்குப் போனேன். விசாரணை அதிகாரி ரொம்ப நேரம் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அவரிடம் இருந்த ஒரே கேள்விக்கு முந்தைய நாளே நீங்கள் பதில் சொல்லிவிட்டீர்கள். "நீங்க ஏதாவது சொல்ல விரும்பறீங்களாம்மா?" என்றார். சீட்டு மடித்திருந்தது, நான் சுருட்டிக் கொடுத்தேன் என்றேன். எழுதிக்கொண்டார். பெரிய அலுவலர் விடுப்பில் போய்விட்டாராம். மேசைக் கண்ணாடிக்கு அடியில் படம் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் சதுரமாக இருந்தது.

கணக்கு வாத்தியாரும் நானும் ஒரே பேருந்தில் திரும்பினோம். திங்கள்கிழமை முதல் அவர் வகுப்புக்கு வரலாம். பின்னங்களை எதுவரை நடத்தியிருக்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். முகத்தைச் சுளித்தார். பிறகு, பத்தாவது வளைவுக்கு அப்புறம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் என் சீட்டில் மடித்த தடம் குறுக்கும் நெடுக்குமாக இருப்பதை அவர் முதலிலேயே பார்த்துவிட்டாராம். மற்ற எந்தச் சீட்டிலும் அப்படி இல்லையாம். புகாரில் அதை எழுதியிருந்தால் அந்தப் படத்தைக் காட்டி யாரும் அவர் வாயை அடைத்திருக்க முடியாது. ஏன் சார் எழுதவில்லை என்றேன். "அது வேற கணக்கு டீச்சர். அவங்க தங்களுக்காக எடுத்தாங்க, இவர் தன் வீட்டிலேர்ந்து எடுத்தார். ரெண்டையும் கூட்டக் கூடாது" என்றார். சற்றுக் கழித்து, "ஆனா அதுவும் தப்புதான்" என்றார்.

எனக்கு வாந்தி வரவில்லை. மூன்று வருஷத்தில் முதல் தடவை.

உங்கள் அக்கா நேற்று நான் திரும்பியதும் தலைமையாசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டார். நீங்கள் அரசாங்க வீட்டைக் காலி செய்கிறீர்களாம். ஏழு வீடு பழக்கம், சீக்கிரம் முடித்துவிடுவீர்கள். துண்டுகளைச் சுருட்டிப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றார். நான் நம்பவில்லை. "என் கண்ணால பார்த்தேன்டி" என்றார். உங்கள் சட்டைப் பையில் ஒரு நீல நூல் இருக்குமாம், சலவைக்குப் போடும்போதெல்லாம் எடுத்து வேறு சட்டைக்கு மாற்றிக்கொள்வீர்களாம், என்ன வேண்டுதலோ என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஆசிரியர் அறையில் நான்கு நாற்காலிகள். ஒன்றுக்குக் கால் ஆடும். உங்களுக்கு அதைத்தான் கொடுப்பார்கள். முதல் பேருந்து ஆறு மணிக்கு, வலது பக்கம் உட்காருங்கள், வளைவில் முழங்கால் இடிக்காது. கடைசி நிறுத்தத்திலிருந்து இரண்டு மணி நேர நடை. அவசரம் இல்லை, நின்று நின்று வரலாம். எட்டாம் வகுப்புக்குத் தேசப்படம் கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. சம்பளம் கிடையாது. வருகிறீர்களா?

கேட்கிறேன், பாருங்கள். இப்படித்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்று. குழு முடிவு செய்யும்வரை காத்திராமல் இந்த வருஷக் குலுக்கலை நடத்துவதாக அறிவித்திருக்கிறார்கள். சாதாரண வெள்ளைத் தாள், வீட்டிலிருந்தே கொண்டுவரலாம், பெட்டி கண்ணாடி. எனக்கும் மூன்று வருஷம் முடிந்துவிட்டது, என் பெயரும் உண்டு. எங்கே விழுமோ தெரியாது. போன தடவை உங்களுக்காவது முன்பே தெரிந்திருந்தது, அதுதான் வேடிக்கை. சீட்டை எழுதிச் சுருட்டிக் கட்டிவிட்டேன். நானே வரிசையில் நின்று போடுகிறேன்.

நீங்கள் வந்து மூன்றாவது வரிசையில், என் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் இரண்டு கையும் வெளியே தெரியட்டும். ஒன்றை நான் பிடித்துக்கொள்கிறேன்.

மணி அடிக்கிறது.

பத்திரமாக ஏறி வாருங்கள்,
உங்கள் வீட்டுக்காரி